மசோதா வருவதற்கு முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாடாளுமன்றம் கூடிய மறுநாள் உங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக வாசிப்பேன். மற்ற நாள்களில் பின்பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். எந்த அமைச்சர் என்ன பதில் சொன்னார், யார் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்டார், எந்த மசோதா நிறைவேறியது என்றெல்லாம் தெளிவாகவே எழுதுகிறீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவருகிறது, அதுதான் குறை. நிறைவேறிய சட்டத்தைப் பற்றி வாசிப்பவர் "ஓ, அப்படியா" என்று பக்கத்தைத் திருப்பலாம். வரப்போகும் சட்டத்தைப் பற்றி வாசிப்பவருக்குத்தான் ஏதாவது செய்ய அவகாசம் இருக்கிறது.

கோரிக்கை சின்னதுதான். ஒவ்வொரு முறை நாடாளுமன்றம் கூடுவதற்கு முன்பும், எந்த மசோதாக்கள் விவாதத்துக்கு வருகின்றன, என்னென்ன கேள்விகள் பதிவாகியிருக்கின்றன, கருத்துச் சொல்ல விரும்புபவர் யாருக்கு எழுதலாம் என்று ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். இதைச் சொல்ல நான்கு வரி போதும். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் கடிதம் நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற தாதி. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன். எங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினர் (எம்.பி.) மக்களைச் சந்தித்துக் குறை கேட்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் தமிழ் பேசும் முதியவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும், அவர்களுக்காகக் கடிதம் தட்டச்சு செய்வதும் என் தொண்டூழியம். எந்தக் கட்சி, எந்த உறுப்பினர் என்று எழுதப்போவதில்லை. வேறு தொகுதிகளில் இதே வேலை செய்யும் தோழிகளைக் கேட்டால் அங்கேயும் இதே கதைதான். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, எண் கொடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகைப் பாக்கி, மருமகளின் வருகை அனுமதி நிராகரிக்கப்பட்டது, கார் நிறுத்த அபராதம், வேலை போனது, மகன் வீட்டை விட்டுப் போனது என்று கவலைகள் வரிசையாக வரும். கடிதம் எழுதி, உறுப்பினர் கையெழுத்துப் போட்டு, உரிய அமைப்புக்குப் போகும். சிலருக்கு நல்ல பதில் வரும், சிலருக்கு வராது.

இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் டேவிட் மார்ஷல். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானவர், வாரந்தோறும் பொதுமக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்டார். அருமையான வழக்கம், எழுபது ஆண்டுகளாக நிற்கிறது. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு என்பது என் எண்ணம். எம்.பி. என்றால் கடிதம் எழுதிக் கொடுப்பவர் என்றே நம் மக்கள் பழகிவிட்டார்கள். அவர் நாடாளுமன்றத்துக்குப் போய் என்ன செய்கிறார் என்று கேட்டால், "அது பெரியவங்க சமாச்சாரம்மா, நமக்கு லிஃப்ட் ஒழுங்கா ஓடினா போதும்" என்று ஒரு பாட்டி சொன்னார். லிஃப்டும் அவர் பொறுப்புத்தான். 1988இல் வந்த நகர மன்றச் சட்டத்தின்படி, லிஃப்ட், நடைபாதை விளக்கு, குப்பை அள்ளுவது ஆகியவற்றைப் பார்க்கும் நகர மன்றத்தை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்தான். ஆனால் அது சட்டம் இயற்றும் வேலை அல்ல. அந்த வேலைக்கும் பாட்டிதான் ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை.

2025 மார்ச் மாதம் ஒரு பெரியவர் வந்தார். முழங்கால் தேய்ந்தவர், மின்ஸ்கூட்டர் போன்ற அந்த நடமாட்ட உதவி வண்டியில்தான் சந்தைக்கும் பலதுறை மருந்தகத்துக்கும் போய்வருவார். "ஏம்மா, இனிமே இந்த வண்டி ஓட்ட டாக்டர் சான்றிதழ் வேணுமாமே? வேகத்தையும் குறைச்சுட்டாங்களாம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே?" என்றார். அவருக்கு உண்மையிலேயே கோபம். நான் என்ன சொல்வது? அந்த மசோதா பிப்ரவரியிலேயே நிறைவேறிவிட்டது. நடமாட்ட உதவி வண்டிகளின் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைவதும், ஸ்கூட்டர் வகைக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்பதும் அதில் உள்ளவை. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆலோசனைக் குழு ஒன்று பரிந்துரை செய்து, அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டு, செய்தியும் வந்துவிட்டது. நடைபாதையில் அந்த வண்டிகள் பறப்பதைப் பார்த்துப் பயந்த வேறு முதியவர்கள் எத்தனையோ பேர். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். சான்றிதழ் வாங்க எவ்வளவு செலவாகும்? வலி சில நாள் வரும், சில நாள் வராது என்பவரை டாக்டர் எப்படிக் கணிப்பார்? புது வண்டி வாங்கப் பணமில்லாதவர் பழைய வண்டியை என்ன செய்வது? இவை முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் நடுவில் அவருடைய எம்.பி.யின் மேசைக்கு வந்திருந்தால், மன்றத்தில் எழுந்து கேட்டிருக்கலாம். அமைச்சின் பதிலும் பதிவாகியிருக்கும். மார்ச்சில் வந்ததால் நான் எழுதிக் கொடுத்தது இன்னொரு கடிதம்.

இந்த வாசிப்புக் கணக்கைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. முதல் வாசிப்பு என்பது மசோதாவை மன்றத்தில் வைப்பது மட்டுமே. அன்று விவாதம் கிடையாது. ஆனால் அன்றைக்கே மசோதாவின் முழு வாசகமும் நாடாளுமன்ற இணையத்தளத்துக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். பிறகு ஓர் இடைவெளி. அதன்பின் இரண்டாம் வாசிப்பில்தான் காரசாரமான விவாதமெல்லாம். அப்புறம் குழு நிலையில் பிரிவு பிரிவாகப் பார்ப்பார்கள். மூன்றாம் வாசிப்போடு நிறைவேறும். அத்தோடு முடிந்துவிடவில்லை. எந்த இனத்துக்கும் சமயத்துக்கும் பாதகமாக இருக்கிறதா என்று சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் பார்க்கும், பெரும்பாலான மசோதாக்கள் அந்தப் பார்வைக்குப் போய்த்தான் வரும். பின்பு அதிபரின் ஒப்புதல். அதற்குப் பிறகும் அரசிதழில் குறிப்பிடும் நாளில்தான் சட்டம் நடப்புக்கு வரும். நிறைவேறிய மறுநாளே அமலாகிவிடும் என்று பதறியடித்துக்கொண்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் இடையிலான அந்த நாள்கள் பொதுமக்களுக்கு உரியவை. அந்த நாள்களில் தமிழ் வாசகருக்கு இப்படி ஒரு மசோதா இருப்பதே தெரிவதில்லை.

என் தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிப்பான். "அக்கா, 97 பேரில் 87 பேர் ஒரே கட்சி. கட்சிக் கொறடா சொன்னபடிதான் வாக்களிக்கப் போகிறார்கள். நீ போய் யாரிடம் எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?" கணக்கு சரிதான். 2025 மே 3ஆம் தேதி தேர்தலில் மக்கள் செயல் கட்சிக்கு 87, பாட்டாளிக் கட்சிக்கு 10, தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களிலிருந்து வரும் தொகுதியில்லா உறுப்பினர்கள் கூடுதலாக இருவர். கொறடாவின் கட்டளையைத் தளர்த்துவது அபூர்வம். 1969இல் கருக்கலைப்பு மசோதா வந்தபோது அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்க விட்டார்கள் என்பதை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள் என்றால், எவ்வளவு அபூர்வம் என்று புரிந்துகொள்ளலாம். ஆக, அரசாங்கம் கொண்டுவரும் மசோதா தோற்றுப்போகும் என்று எதிர்பார்த்து யாரும் உட்கார வேண்டாம். ஆனால் என் தம்பி வாக்கெடுப்பை மட்டும் பார்க்கிறான். மசோதாவின் உள்ளே இருக்கும் வாசகம் எப்படி உருவாகிறது, யார் சொல்லி எந்த வரி சேர்ந்தது, எது கழன்றது என்பதைப் பார்ப்பதில்லை.

அவனுக்கு நான் சொல்லும் உதாரணம் பெற்றோர் பராமரிப்புச் சட்டம். நம் மக்களில் பலருக்கு இந்தச் சட்டத்தைப் பற்றித் தெரியும், மக்கள் சந்திப்பில் இதன் பெயரை அடிக்கடி கேட்கிறேன். இது எப்படி வந்தது என்று தெரிந்தவர் குறைவு. இதை அமைச்சர் யாரும் கொண்டுவரவில்லை. வால்டர் வூன் என்ற நியமன நாடாளுமன்ற உறுப்பினர், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர், 1994இல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். பெரிய வாக்குவாதம். பெற்றோரைக் காப்பது கடமை, அதைச் சட்டம் போட்டுச் செய்யவைப்பதா என்று ஒரு பக்கம். கடமையைச் செய்யாதவனை என்ன செய்வது என்று இன்னொரு பக்கம். மசோதா தெரிவுக்குழுவுக்குப் போனது. தெரிவுக்குழு என்றால் பொதுமக்களும் எழுதி அனுப்பலாம், கூப்பிட்டால் நேரில் போய்ச் சாட்சியம் சொல்லலாம். 1995இல் சட்டமானது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதா சட்டமானது அதுதான் முதல் முறை. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத, 60 வயதை எட்டிய பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போக வழி பிறந்தது.

கதை அங்கே முடியவில்லை. தாதியாக இருந்த காலத்திலும் சரி, இப்போது கீழ்த்தளத்து மேசையிலும் சரி, இந்தச் சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். வார்டில் விசிட்டிங் நேரம் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த தகப்பனும் உண்டு. தனக்கு ஆறு வயதாக இருந்தபோது குடித்துவிட்டு அடித்து, அம்மாவையும் தன்னையும் விட்டுவிட்டுப் போன அப்பா முப்பது வருடம் கழித்துப் பணம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார் என்று கையில் கடிதத்தோடு வந்து அழுத மகளும் உண்டு. அந்தப் பெண் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. "நான் போய் அவர் முன்னாடி உக்காந்து எல்லாத்தையும் மறுபடி சொல்லணுமா அக்கா?" என்றுதான் கேட்டாள்.

2010இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நடுவர் மன்றத்துக்குப் போகும் முன் சமரசப் பேச்சு நடத்த வேண்டும் என்று வந்தது. 2023 ஜூலையில் இன்னொரு திருத்தம். பிள்ளையைக் கொடுமைப்படுத்தியவர், கைவிட்டவர், கவனிக்காமல் விட்டவர் என்றால், அப்படிப்பட்ட பெற்றோர் விண்ணப்பிப்பதற்கே முதலில் நடுவர் மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அந்தப் பெண்ணைப் போன்றவர்களின் கேள்விக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது அப்போதுதான். இந்த இரண்டு திருத்தங்களும்கூடத் தனிநபர் மசோதாவாகவே வந்தன. கொண்டுவந்தவர் அப்போது உறுப்பினராக இருந்த சியா கியன் பெங். இன்று நாடாளுமன்ற நாயகர் (சபாநாயகர்) நாற்காலியில் இருப்பவர் அவர்தான். முப்பது ஆண்டுக் காலத்தில் ஒரு சட்டம் இப்படிப் பிறந்து இரண்டு முறை உருமாறியது, அதன் கீழ் வாழ்ந்தவர்கள் வாய் திறந்ததால்தான். என் தம்பி இதற்குப் பதில் சொல்லவில்லை, காப்பி போடப் போய்விட்டான்.

வால்டர் வூன் நியமன உறுப்பினர் என்றேன். அங்கேயும் ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது, நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை. 1990இல் வந்த ஏற்பாடு இது. அதிகபட்சம் ஒன்பது பேர், இரண்டரை ஆண்டுத் தவணை. நாயகர் தலைமையிலான சிறப்புத் தெரிவுக்குழு பொதுமக்களிடமிருந்து பெயர்களைக் கேட்டு அறிவிப்பு விடும். முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், கூடுதலாக நான்கு பேர் கையெழுத்து. எல்லாரும் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களாக இருந்தால் போதும். அதாவது, எங்கள் புளோக்கில் ஆறு பேர் சேர்ந்தால் தகுதியுள்ள ஒருவரின் பெயரை அனுப்பலாம். தேர்ந்தெடுக்கப்படுவது வேறு விஷயம். நியமன உறுப்பினர்கள் அரசியலமைப்புத் திருத்தம், அரசாங்கச் செலவினம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் வாக்களிக்க முடியாது என்ற வரம்பும் உண்டு. ஆனால் பேசலாம், கேட்கலாம், மசோதா கொண்டுவரலாம். முதியோர் பராமரிப்பில் ஆண்டுக்கணக்கில் உழைத்த தமிழ்த் தாதிகள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! அவர்கள் பெயரை ஒருவரும் அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி கேள்வி நேரத்துக்கு வருகிறேன். அமர்வின் தொடக்கத்தில் ஒன்றரை மணி நேரம். ஒரு உறுப்பினர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம், அதில் வாய்மொழிப் பதில் கேட்பது மூன்றுக்கு மேல் போகக்கூடாது. நேரம் போதாமல் விடுபட்டவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வரும். முழுமையாக ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பதால், நேற்று நடந்ததை வைத்து இன்று கேட்க முடியாது. அவசரக் கேள்விக்கு வேறு வழி இருக்கிறது, அது நாயகர் அனுமதித்தால்தான்.

மக்கள் சந்திப்பில் எழுதும் கடிதத்துக்கும் நாடாளுமன்றக் கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தை நான் முதியவர்களுக்கு இப்படிச் சொல்வேன். கடிதத்துக்கு வரும் பதில் உங்கள் வீட்டு அலமாரிக்குள் போய்விடும். கேள்விக்கு வரும் பதில் ஹான்சார்ட் என்கிற பதிவேட்டில் ஏறும். 1955 முதலான பேச்சுகள் அதில் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஐந்து வருடம் கழித்தும் "அன்றைக்கு அமைச்சர் இப்படிச் சொன்னாரே" என்று யார் வேண்டுமானாலும் எடுத்துக்காட்டலாம். அதனால் எம்.பி.யிடம் போகும்போது உங்கள் தொல்லையோடு, அதே தொல்லை வேறு யாருக்கெல்லாம் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொண்டு போங்கள். அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் மின்னடையாளத்தின் முகச் சரிபார்ப்பு எனக்கு வேலை செய்யவில்லை என்றால் அது கடிதம். கண்புரை அறுவை முடிந்த முதியவர்கள் பலருக்கு இது நடக்கிறது, அவர்களுக்கு மாற்று வழி என்ன என்றால் அது கேள்வி. இந்தக் கண்புரை விஷயத்தை எங்கள் மேசைக்கு வந்தவர்களிடம் விசாரித்து, நானே உறுப்பினருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அமைப்புக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. கேள்வியாக இன்னும் ஆகவில்லை. மறுபடி எழுதுவேன்.

வரவுசெலவுத் திட்டக் காலத்தில் நடக்கும் இன்னொரு வேடிக்கையை நம்மவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பிப்ரவரியில் திட்டம் அறிவித்த பிறகு ஒவ்வோர் அமைச்சாக எடுத்து நாள்கணக்கில் விவாதிப்பார்கள். அப்போது ஓர் உறுப்பினர் பேச விரும்பினால், அந்த அமைச்சின் ஒதுக்கீட்டிலிருந்து 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர வேண்டும். பல பில்லியனிலிருந்து 100 வெள்ளி! அமைச்சர் பதில் சொன்னதும் அதை மீட்டுக்கொள்வார்கள். குறைகளைக் கேட்ட பிறகே பணம் கொடுப்போம் என்ற பழைய மரபு. முதன்முதலில் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன், பிறகு பிடித்துப்போனது. நம்மவர் பெரும்பாலும் திட்ட உரை நாளன்று எவ்வளவு பற்றுச்சீட்டு கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம். கேட்க வேண்டிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

பக்கத்து வீட்டுத் தோழி ஒருவரையும், எதிர் வீட்டு மலாய் மக்சிக்கையும் (மலாயில் பெரியம்மா, அத்தை போன்றவரை அப்படித்தான் அழைப்போம்) கூட்டிக்கொண்டு ஒருநாள் நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்துக்குப் போனேன். ஈசூனிலிருந்து ரயில் மாறவே வேண்டியதில்லை, சிட்டி ஹாலில் இறங்கி நடந்தால் வந்துவிடும். அடையாள அட்டையைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து மேலே போய் உட்கார்ந்தோம். ஒரு காசு செலவில்லை. நாயகருக்கு வலப்பக்கம் அரசாங்கத்தரப்பு, இடப்பக்கம் எதிர்த்தரப்பு, நடுமேசையில் செங்கோல். கைதட்டக்கூடாது. உள்ளே உறுப்பினர்களும் கைதட்டுவதில்லை, பிடித்தால் இருக்கையைத் தட்டுகிறார்கள். மலாயில் ஒருவர் பேசி முடித்ததும் மக்சிக் கையைத் தூக்கிவிட்டார், நான் பிடித்து இறக்கினேன். தோழிக்கு இத்தனை இருக்கைகள் காலியா என்று வருத்தம். நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருந்தாலே அவை நடத்தலாம் என்பது விதி. ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காகக் காலி இருக்கை எனக்கும் பிடிக்கவில்லை. அதை ஓட்டுப் போட்டவர்கள் மேலிருந்து பார்ப்பது நல்லதுதான். போக முடியாதவர்களுக்கு, 2021 ஜனவரி முதல் யூடியூபில் நேரலை இருக்கிறது.

மலாய்ப் பேச்சு என்றதும் தமிழ் நினைவுக்கு வருகிறது. அரசியலமைப்பின் 53ஆவது பிரிவு மன்ற விவாதங்களுக்கு மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் நான்கையும் குறிப்பிடுகிறது. உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இருந்தும் நான் கேட்ட தமிழ்ப் பேச்சுகள் பெரும்பாலும் தமிழ் மொழியைப் பற்றியோ இந்தியச் சமூகத்தைப் பற்றியோதான். மத்திய சேமநிதியைப் பற்றி, பேருந்துத் தடத்தைப் பற்றி, மருத்துவக் கட்டணத்தைப் பற்றித் தமிழில் பேசினால் எங்கள் கீழ்த்தளத்துத் தாத்தாக்களும் உட்கார்ந்து கேட்பார்கள். உறுப்பினர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இதை வாசித்தால் சரி.

மனு கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் "இதில் கையெழுத்துப் போடுங்க, பத்துப் பேருக்கு அனுப்புங்க" என்று வருகிறதே, அது நாடாளுமன்ற மனு அல்ல. உண்மையான மனுவுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. முடிவில் என்ன வேண்டுகிறோம் என்று தெளிவாக எழுத வேண்டும், ஓர் உறுப்பினர்தான் அதை மன்றத்தில் வைக்க முடியும், அப்புறம் அது பொதுமனுக் குழுவுக்குப் போகும். 2016இல் நீதிமன்ற அவமதிப்பு தொடர்பான மசோதா வந்தபோது நியமன உறுப்பினர் கோக் ஹெங் லியூன் இப்படி ஒரு மனுவை வைத்தார். மசோதா நிறைவேறத்தான் செய்தது. 2018இல் இணையப் பொய்ச் செய்திகள் பற்றி ஆராய்ந்த தெரிவுக்குழுவுக்கு 169 எழுத்துபூர்வக் கருத்துகள் வந்தன. மறு ஆண்டு வந்த சட்டத்தைப் பற்றி இன்றுவரை இரண்டு கருத்து இருக்கிறது. எழுதியவர் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. அந்த 169இல் ஈசூனிலிருந்து எத்தனை போயிருக்கும் என்பதுதான் என் கேள்வி.

வாக்களிப்பதைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. அதை நம் மக்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். சட்டமும் விடாது. போடத் தவறினால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், தக்க காரணம் இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்டித்தான் மீண்டும் சேர முடியும். ஆனால் அந்த ஒரு நாளோடு ஐந்து வருட வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

ஏப்ரலில் தமிழ் மொழி விழா வரும். பட்டிமன்றங்களுக்குக் குறைவிருக்காது. மாமியாரா மருமகளா என்று இன்னொரு முறை தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாக, ஏதாவது ஒரு சமூக மன்றத்தில் மாதிரிக் கேள்வி நேரம் ஒன்று தமிழில் நடத்திப் பார்க்கலாமே. இளையர்கள் கேட்கட்டும், உண்மையான உறுப்பினர் ஒருவர் வந்து பதில் சொல்லட்டும். உங்கள் நாளிதழ் முன்னின்றால் செய்வதற்கு அமைப்புகள் உண்டு.

அது பிறகு. முதலில் அந்தக் கட்டம். அமர்வுக்கான ஒழுங்குப் பட்டியல் நாடாளுமன்ற இணையத்தளத்தில் முன்கூட்டியே வெளியாகிறது, முதல் வாசிப்பு முடிந்த மசோதாக்களும் அங்கேயே இருக்கின்றன. அரசாங்கம் கருத்துக் கேட்கும் மசோதாக்கள் ரீச் எனும் அரசாங்கக் கருத்தறியும் தளத்தில் வருகின்றன. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, எடுத்துத் தமிழில் நான்கு வரியாகச் சுருக்க உங்கள் செய்தியாளர் ஒருவருக்குக் காலை நேரம் போதும். ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இது யாரைத் தொடும்? வாடகை வீட்டில் இருப்பவரையா, வீட்டுப் பணிப்பெண் வைத்திருப்பவரையா, டாக்சி ஓட்டுபவரையா, நடமாட்ட வண்டி வைத்திருப்பவரையா? அதைப் பார்த்தால் சம்பந்தப்பட்டவர் மீதியை வாசித்துக்கொள்வார், இல்லாவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்வார்.

அந்தக் கட்டம் வெளியாகும் நாளில் அதை வெட்டி எங்கள் புளோக்கின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை. நகர மன்றத்திடம் அனுமதி கேட்டு இப்போதே எழுதிவிட்டேன். அதற்கான பதிலும் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி